நாத்தனாருக்குச் செடிச் சீர்: எதை வளர்ப்பது, எப்போது விதைப்பது?

கேள்வி: ஒட்டன்சத்திரம் பக்கம் இரண்டு ஏக்கரில் தக்காளி, கத்தரி, மிளகாய் போடுகிறோம். தை மாதக் கடைசியில் என் நாத்தனார் சென்னையில் வாங்கிய ஃபிளாட்டில் பால் காய்ச்சுகிறார். சமையலில் ரொம்ப ஆர்வம் உள்ளவர். பாத்திரம் வாங்கிக் கொடுப்பதைவிட, நானே வளர்த்த செடிகளைக் கொண்டுபோய்க் கொடுக்க ஆசை. தோட்டத்துத் தக்காளி, கத்தரியைப் பெயர்த்து, வயல் மண்ணையே பையில் நிரப்பி வைத்துவிடலாமா? இப்போது ஐப்பசி. நாள் போதுமா?

பதில்: வணக்கம் சகோதரி. நாள் தாராளமாக இருக்கிறது. தக்காளி, கத்தரி மட்டும் வேண்டாம். மாடியில் பத்துப் பை வைக்க இடமிருந்தால் சரி. ஃபிளாட் பால்கனியில் ஒரு தக்காளிச் செடி தரும் காய் இரண்டு நாள் குழம்புக்குக் காணாது. கத்தரியில் மாவுப்பூச்சி ஏறினால் பக்கத்துத் தொட்டிகளுக்கும் பரவும். இன்னொன்று, விற்பனைக்குப் போட்ட செடிக்கு நீங்கள் என்னென்ன மருந்து அடித்திருப்பீர்கள் என்று உங்களுக்கே தெரியும். பறித்த கையோடு சட்டிக்குப் போகிற செடிக்கு அது ஆகாது.

தினமும் கொஞ்சமாகத் தேவைப்படுவது, வாடினால் வாசம் போவது, கடையில் கட்டாக வாங்கினால் பாதி வீணாவது எதுவோ அதையே வளர்த்துக் கொடுங்கள். கறிவேப்பிலை, புதினா, கொத்தமல்லி, வெந்தயக்கீரை, பச்சை மிளகாய், இந்த ஐந்தும் போதும்.

அதற்கு முன்னால் நாத்தனாரிடம் ஒரு விஷயம் கேட்டு வாங்குங்கள்: பால்கனியில் வெயில் எத்தனை மணி நேரம் விழுகிறது? மிளகாய்க்கும் கறிவேப்பிலைக்கும் ஐந்தாறு மணி நேர நேர்வெயில் வேண்டும். மூன்று மணி நேரம்தான் என்றால் அவற்றை விட்டுவிட்டுப் புதினா, கொத்தமல்லியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வெயில் இல்லாத இடத்தில் மிளகாய் உயரமாக வளரும், காய்க்காது. அப்புறம் பழி கொடுத்தவர் மேல்தான்.

வயல் மண் விஷயத்துக்கு வருகிறேன். தொடர்ந்து தக்காளி, கத்தரி போட்ட மண்ணில் வேர்முடிச்சு நூற்புழு இருக்க வாய்ப்பு அதிகம். பழைய செடி ஒன்றைப் பிடுங்கிப் பாருங்கள், வேரில் மணி மணியாக முடிச்சு தெரிந்தால் அந்த மண்ணைத் தொடாதீர்கள். வரப்போரம், வீட்டோரம் காய்கறி போடாத இடத்துச் செம்மண் ஒரு பங்கு, தென்னை நார்க்கழிவு இரண்டு பங்கு, மக்கிய தொழுவுரம் அல்லது மண்புழு உரம் ஒரு பங்கு. பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. நார்க்கழிவை அப்படியே போடக் கூடாது. தண்ணீரில் ஊறவைத்து வடித்து, இரண்டு மூன்று முறை அலசினால்தான் அதிலுள்ள உப்பும் கறைநீரும் போகும். நார்க்கழிவைக் கூட்டிச் சொல்வது எடைக்காக. மண் மட்டும் நிரப்பிய பையை நனைத்துவிட்டு ஐந்தாவது மாடிக்குத் தூக்கிப் பாருங்கள், தெரியும்.

மிளகாயை இந்த வாரமே விதைத்துவிடுங்கள். நாட்டு ரகமாக இருக்கட்டும். உங்கள் வயல் செடி ஒட்டுரகமாக இருந்தால் அதன் பழத்து விதை வேண்டாம், அடுத்த தலைமுறை தாய்ச்செடி மாதிரி வராது. நாற்பது நாள் நாற்றை 12 அங்குலப் பைக்கு மாற்றினால், மார்கழியில் பூத்து, தைக் கடைசியில் காயோடு நிற்கும். காயோடு கொண்டுபோகிற செடிக்கு மரியாதையே தனி.

புதினாவுக்கு விதை தேட வேண்டாம். சந்தையில் தண்டு தடித்த கட்டாக வாங்கி, 4 அங்குலத் துண்டுகளாக நறுக்கி, கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டுக் கார்த்திகை முதல் வாரத்தில் ஈரக் கலவையில் ஊன்றுங்கள். ஆழம் குறைந்த அகலத் தொட்டி நல்லது. தனியாக வையுங்கள், பக்கத்தில் எது இருந்தாலும் அமுக்கிவிடும்.

கொத்தமல்லியைத் தட்டில் நேரடியாக விதைக்க வேண்டும், நாற்றைப் பிடுங்கி நட்டால் பிடிக்காது. விதையைப் பலகையால் லேசாகத் தேய்த்து இரண்டாக உடைத்து, ஒரு ராத்திரி ஊறவைத்து, மார்கழி முதல் வாரத்தில் போடுங்கள். முளைக்கப் பத்து நாளுக்கு மேலேகூட ஆகலாம், அவசரப்பட்டுக் கிளற வேண்டாம். வெந்தயம் நாலு நாளில் முளைத்துவிடும். தை பிறந்த பிறகு போட்டாலே போதும்.

கறிவேப்பிலைதான் யோசிக்க வேண்டியது. விதையிலிருந்து இப்போது தொடங்கினால் தைக்குள் ஒன்றும் காணாது. பெரிய மரத்தடியில் வேரிலிருந்து கிளம்பும் பக்கக்கன்றை எடுக்கலாம். அதை ஒரேயடியாகப் பிடுங்கிப் பையில் வைத்தால் பெரும்பாலும் கருகும். தாய்வேரோடு இருக்கும் இணைப்பை மட்டும் மண்வெட்டியால் வெட்டிவிட்டு, கன்றை அங்கேயே மூன்று வாரம் விட்டு, சொந்த வேர் பிடித்த பிறகு மண்கட்டியோடு எடுங்கள். இது சிரமம் என்றால் நாற்றங்காலில் ஒரு வயதுச் செங்காம்புக் கன்று வாங்குங்கள். வாசத்துக்கு அதற்கு ஈடு வேறில்லை. பனிக்காலத்தில் கறிவேப்பிலை தூங்குகிற செடி. அதனால் இப்போது நுனி கிள்ள வேண்டாம். பங்குனி வரைக்கும் இலை பறிக்க வேண்டாம் என்று நாத்தனாரிடமும் சொல்லிவிடுங்கள். அதற்குப் பிறகு பறிக்கும்போது, இலை இலையாக உருவாமல் நுனியோடு கொத்தாக ஒடிக்கச் சொல்லுங்கள், பக்கக் கிளை வரும். பறவை எச்சம் மாதிரி இலையில் புழு இருந்தால் அது வண்ணத்துப்பூச்சிப் புழு. கையால் எடுத்துப் போட்டாலே போதும், மருந்து தேவையில்லை.

பூச்சி தென்பட்டால் லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயை, கொஞ்சம் காதி சோப்புக் கரைசலோடு கலந்து மாலையில் தெளிக்கட்டும். தெளித்த பிறகு சில நாள் விட்டு, நன்றாகக் கழுவிச் சமைக்கலாம்.

கொண்டுபோகும் முந்தைய நாள் தண்ணீர் விடாதீர்கள், பை இறுகி நிற்கும். காருக்குள் வைத்தே போங்கள். மேலே கட்டினால் காற்றில் இலை கிழிந்துவிடும். சென்னை போனதும் நேரே வெயிலில் வைக்காமல் மூன்று நாள் நிழலில் வைத்துப் பிறகு நகர்த்தச் சொல்லுங்கள். கூடவே கால் கிலோ தனியாவும் வெந்தயமும் முடிந்து கொடுங்கள். தட்டு காலியானதும் அவரே மறுபடி விதைத்துக்கொள்வார். கோடையில் கொத்தமல்லி சீக்கிரமே பூவுக்குப் போய்விடும், அந்த மாதங்களில் வெந்தயத்தை மட்டும் போடட்டும்.