பாப் பாடல்களை ப்ளூகிராஸில் வாசிப்பது வெறும் வேடிக்கைதானா?

ராக், பாப் பாடல்களைப் பாஞ்சோ என்ற தந்தி வாத்தியமும் ஃபிடிலும் (வயலின்) கொண்டு, அமெரிக்கக் கன்ட்ரி இசையின் ஒரு பிரிவான ப்ளூகிராஸ் பாணியில் வாசிக்கும் காணொளிகளைப் பார்த்த ஒருவர், இது கன்ட்ரி இசையின் வேர்களையே கேலி செய்வதாகாதா என்று கேட்டிருக்கிறார். கேலிக்காகவே செய்பவர்களும் உண்டு, அதை மறுக்கவில்லை. ஆனால் வேர் என்று சொல்லப்படும் இடத்தைச் சற்றுத் தோண்டிப் பார்த்தால், அங்கேயும் பழைய பாப் பாடல்களே கிடைக்கின்றன.

1927 ஜூலை இறுதியில் தொடங்கி ஆகஸ்ட் முதல் வாரம் வரை, டென்னசி, வர்ஜீனியா மாநிலங்களின் எல்லையிலுள்ள பிரிஸ்டல் ஊரில் விக்டர் இசைத்தட்டு நிறுவனத்துக்காக ரால்ஃப் பியர் ஒலிப்பதிவுகள் நடத்தினார். கன்ட்ரி இசையின் முன்னோடிகளான கார்ட்டர் குடும்பத்தினரும் ஜிம்மி ராட்ஜர்ஸும் முதன்முதலில் இசைத்தட்டுக்காகப் பாடியது அங்கேதான். அந்தக் கார்ட்டர் குடும்பத்தின் அடையாளமாகவே ஆகிவிட்ட ‘வைல்ட்வுட் ஃபிளவர்’ பாடலை மலைமக்களின் நாட்டுப்பாடல் என்றுதான் நானும் நெடுநாள் நம்பியிருந்தேன். உண்மையில் அது 1860-இல், வீட்டுக் கூடத்தில் பியானோவுடன் பாடுவதற்கென்று அச்சிட்டு விற்கப்பட்ட பாட்டு. வாய்வழியாகவே பல தலைமுறைகளைக் கடந்து வந்ததில் சொற்கள் திரிந்துபோய், எந்தச் செடியினுடையது என்றே அடையாளம் காண முடியாத ஒரு பூப்பெயரும் அதற்குள் புகுந்துவிட்டது. அந்தப் பிழையோடுதான் அது மரபாயிற்று.

வேர் பற்றிப் பேசும்போது கறுப்பினத்தவரை விட்டுவிட்டுப் பேச முடியாது. பாஞ்சோவே மேற்கு ஆப்பிரிக்கச் சுரைக்குடுவை வாத்தியங்களின் வழிவந்தது. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களோடு அமெரிக்காவுக்கு வந்தது. கார்ட்டர் குடும்பக் குழுவின் ஏ. பி. கார்ட்டர் ஊர் ஊராகப் பாட்டுத் தேடிச் சென்றபோது அவர் வரிகளை எழுதிக்கொள்ள, மெட்டுகளை நினைவில் பதித்துக்கொண்டு வந்தவர் லெஸ்லி ரிடில் என்ற கறுப்பினக் கிதார்க் கலைஞர். ப்ளூகிராஸின் தந்தை எனப்படும் பில் மன்ரோ, சிறுவயதில் கென்டக்கியில் ஆர்னால்ட் ஷுல்ட்ஸ் என்ற கறுப்பினக் கலைஞருடன் நடன நிகழ்ச்சிகளில் வாசித்திருக்கிறார். இருபதுகளில் இசைத்தட்டு நிறுவனங்கள் கறுப்பினத்தவருக்கு ஒரு பட்டியல், வெள்ளையருக்கு ‘ஹில்பில்லி’ என்று இன்னொரு பட்டியல் எனப் பிரித்து விற்றதால், இந்தக் கொடுக்கல் வாங்கல் கேட்பவர் கண்ணில் படாமலே போயிற்று.

ப்ளூகிராஸ் நாம் நினைக்குமளவு பழையதும் அன்று. மன்ரோ ‘கிராண்ட் ஓல் ஓப்ரி’ வானொலி நிகழ்ச்சியில் சேர்ந்தது 1939-இல். மூன்று விரல் பாஞ்சோ வாசிப்புடன் எர்ல் ஸ்க்ரக்ஸ் அவருடைய குழுவுக்கு வந்தது 1945 டிசம்பரில். இன்று நாம் ப்ளூகிராஸ் என்று கேட்கும் ஒலி உருவானது அதன்பிறகுதான்.

இனி, பாப் பாடல் இந்த வாத்தியங்களின் கைக்கு வரும்போது என்ன ஆகிறது என்று பார்ப்போம். பாஞ்சோவின் ஒலி எழுந்த கணமே அடங்கிவிடும். பாடகர் நீட்டிப் பிடிக்கும் ஒரு சுரத்தை அதில் நீட்டவே முடியாது. ஆகவே வாசிப்பவர் அந்த இடத்தைக் கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மூன்றாலும் மாறி மாறித் தட்டிய சிறு சுரங்களால் நிரப்புகிறார். குட்டையான ஐந்தாம் தந்தி சுருதிபோல இடையிடையே ஒலித்துக்கொண்டிருக்கும். மரபான ப்ளூகிராஸ் குழுவில் டிரம்ஸ் கிடையாது. மாண்டலின்காரர் எதிரடியில், அதாவது முக்கிய அடிகளுக்கு இடையே விழும் அடியில், எல்லாத் தந்திகளையும் ஒருசேர அடித்து, அடித்த நொடியில் இடக்கை விரல்களைத் தளர்த்தி ஒலியை அறுத்துவிடுவார். அந்த ‘சக்’ ஒலிதான் தாளம். இதை நான் பழகத் தொடங்கியபோது விரலைக் கண்ணிமைக்கும் நேரம் தாமதமாகத் தளர்த்தியதால், பல மாதங்கள் தந்திகள் கணீரென்று ஒலித்து எல்லார் தாளத்தையும் கெடுத்தன.

இதனால், தாளக்கருவியின் பலத்தில் மட்டுமே நிற்கும் பாப் பாடல் இங்கே சரிந்துவிடுகிறது. மெட்டு உறுதியாக உள்ளது நிற்கிறது. சார்ல்ஸ் ரிவர் வேலி பாய்ஸ் என்ற குழுவினர் 1966-இல் பீட்டில்ஸ் பாடல்களை மட்டுமே கொண்டு ஓர் இசைத்தட்டு வெளியிட்டனர். எல்லாப் பாடலுக்கும் வேகத்தைக் கூட்டித்தான் ஆக வேண்டும் என்பதுமில்லை: ஃபவுண்டேஷன்ஸ் குழு 1967-இல் துள்ளலாகப் பாடிய ஒரு காதல் பாட்டை அலிசன் க்ரவுஸ் 1995-இல் வேகம் குறைத்து, தணிந்த குரலில் பாடினார். எனக்கு மூலத்தைவிட அதுவே பிடிக்கும். அட்டையில் வைக்கோல் தொப்பியும் உள்ளே ஒரே வேக அடியுமாக வரும் தொகுப்புகளை இரண்டு பாட்டுக்கு மேல் என்னால் கேட்க முடிவதில்லை.

இந்த வாதம் புதியதும் அன்று. அறுபதுகளில் பாடகர் பாப் டிலனின் பாடல்களை வாசிப்பதில் ஸ்க்ரக்ஸுக்கு ஆர்வம், அவருடைய கூட்டாளி லெஸ்டர் ஃப்ளாட்டுக்கு விருப்பமில்லை; 1969-இல் இருவரும் பிரிந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

கேள்வி கேட்டவருக்கு ஒரு வேண்டுகோள். ‘ப்ளூ மூன் ஆஃப் கென்டக்கி’ என்ற ஒரே பாட்டை மூன்று பதிவுகளில் அடுத்தடுத்துக் கேளுங்கள். முதலாவது, மன்ரோ 1946-இல் மூன்றடித் தாளத்தில் ஆறஅமரப் பாடியது. இரண்டாவது, 1954 ஜூலையில் மெம்ஃபிஸ் நகரில் எல்விஸ் பிரெஸ்லி அதையே நான்கடிக்கு மாற்றித் துள்ளலாகப் பாடியது. மூன்றாவது, அதே ஆண்டு செப்டம்பரில் மன்ரோ தம் பாட்டைத் தாமே மறுபடி பதிந்தது: பழைய மூன்றடியில் நிதானமாகத் தொடங்குகிறார், பாதி வழியில் குழு முழுவதும் சட்டென்று நான்கடிக்குத் தாவி எல்விஸின் வேகத்தைப் பிடித்துக்கொள்கிறது.