மீந்த சோற்றில் அடுப்பு எரியுமா?

கேள்வி: எங்கள் வாரியக் குடியிருப்பில் 200 வீடுகள் உள்ளன. மீந்த சோறும் காய்கறித் தோலும் தொட்டியில் கிடந்து நாறுகின்றன. அவற்றிலிருந்து எரிவாயு எடுத்து வீட்டுக்கு வீடு சமைக்க முடியுமா?
— வாசகி ஒருவர், வியாசர்பாடி, சென்னை

பதில்: எரிவாயு எடுக்கலாம், ஆனால் வீட்டுக்கு வீடு கொடுக்கும் அளவுக்குக் கிடைக்காது. வீட்டுக்கு அரைக் கிலோ என்று வைத்துக்கொண்டால் நாளொன்றுக்கு 100 கிலோ உணவுக் கழிவு சேரும். அதிலிருந்து ஏறத்தாழ 10 கன மீட்டர் வாயு வரும். அது 4 முதல் 5 கிலோ சமையல் எரிவாயுவுக்கு ஈடு. அதாவது, 14.2 கிலோ சிலிண்டர் ஒன்றுக்கு ஈடாக மூன்று நாள் கழிவு வேண்டும். இதை 200 அடுப்புகளுக்குப் பங்கிட்டால் ஒரு வேளைச் சோறு வடிக்கக்கூடப் போதாது. அங்கன்வாடிக்கோ மகளிர் குழு நடத்தும் இட்லிக் கடைக்கோ கொடுத்தால் அங்கே அடுப்பு நாள்தோறும் எரியும்.

கென்யத் தலைநகர் நைரோபியின் கிபேரா குடிசைப் பகுதியில் இப்படிப் பொது அடுப்பாகத்தான் வைத்திருக்கிறார்கள். உமாண்டே டிரஸ்ட் என்னும் அமைப்பின் துணையோடு கட்டிய பொதுக் கழிப்பறைகளின் அடியில், கழிவை மட்க வைத்து வாயு எடுக்கும் மூடிய கலன் இருக்கிறது. மனிதக் கழிவிலிருந்து எழும் வாயுவில் அக்கம்பக்கத்தார் சமைக்கிறார்கள், உள்ளூர்க் குழுக்கள் சிறு கட்டணம் வாங்கிப் பராமரிக்கின்றன.

கலனை முதலில் மாட்டுச் சாணக் கரைசலால் நிரப்பிச் சில வாரங்கள் பொறுக்க வேண்டும். சாணத்திலுள்ள நுண்ணுயிரிகள் காற்றுப் புகாத இடத்தில் பெருகிய பிறகே உணவுக் கழிவைச் சிறிது சிறிதாகச் சேர்க்கலாம். கோயில் திருவிழாவுக்கு மறுநாள், மிஞ்சிய சோற்றை அண்டாவோடு கவிழ்த்துவிட்டால் உள்ளே புளிப்பேறி, எரியக்கூடிய வாயுவான மீத்தேனை உண்டாக்கும் நுண்ணுயிரிகள் முடங்கிவிடும். அப்போது வாயு வந்தாலும் தீப்பற்றாது.

எனக்குப் பெரிய கவலை குப்பை வாளியைப் பற்றியதுதான். மூடியைத் திறந்தால் ரசம் சாதத்தோடு பால் பாக்கெட்டும் ஷாம்பு உறையும் முட்டை ஓடும் ஒன்றாய்க் கிடக்கும். வீட்டிலேயே பிரித்து வைக்காமல் அந்த வேலையைத் தூய்மைப் பணியாளரின் கைகளில் விடுவது நியாயமன்று. கலனைக் கவனிப்பவருக்கும் மாதச் சம்பளம் உறுதியாக இருக்க வேண்டும்.

மாநகராட்சிக்கு மனுக் கொடுக்கும் முன்பு, ஒரே ஒரு பிளாக்கில் ஒரு மாதம் கழிவைப் பிரித்து, நாள்தோறும் எடை போட்டுக் குறித்து வையுங்கள். எவ்வளவு பெரிய கலன் வேண்டும் என்பதை அந்தக் கணக்கைக் கொண்டே முடிவு செய்ய முடியும்.