ஆபரேட்டர் பதில்கள்

(சேலத்துத் தியேட்டர்களில் 38 வருடம் புரொஜெக்டர் ஓட்டியவர் வாசகர்களுக்குப் பதில் சொல்கிறார். இந்த வாரக் கடிதங்கள் எல்லாமே, ஏற்காட்டில் நடப்பதாக வந்திருக்கும் புதிய கொலைப் படத்தைப் பற்றித்தான்.)

கேள்வி: அப்பாவுக்கு 76 வயது. அந்த மூத்த நடிகரின் படம் ஒன்றைக்கூட விட்டதில்லை. முதல் நாளே கூட்டிக்கொண்டு போனேன். வெளியே வந்ததும் தட்டுவடை செட் வாங்கிக் கொடுத்தேன், தொடவே இல்லை. “அவருக்கு வயசாயிடுச்சும்மா” என்று மட்டும் சொன்னார். நிஜமாகவே நடிகர் மேல்தான் குறையா ஐயா?
– அஸ்தம்பட்டி வாசகி

பதில்: இல்லையம்மா. நான் இரண்டு தடவை பார்த்துவிட்டுச் சொல்கிறேன், அவர் மேல் குறை இல்லை. இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் வரும் காட்சியை அப்பாவுக்கு ஞாபகப்படுத்துங்கள். செத்துப்போன மகளின் பையை ஸ்டேஷனில் திருப்பித் தருகிறார்கள். உள்ளே டிபன் பாக்ஸ். மூடி இறுகிக் கிடக்கிறது. கட்டைவிரலால் நெம்புகிறார், வரவில்லை. வேட்டி நுனியைச் சுற்றித் திருகுகிறார், அப்போதும் வரவில்லை. கான்ஸ்டபிள் உதவிக்குக் கை நீட்டுகிறார். இவர் கொடுக்க மனசில்லாமல் மடியிலேயே வைத்துக்கொள்கிறார். வசனமே இல்லை. எனக்கு முன்வரிசையில் பாப்கார்ன் கொறித்துக்கொண்டிருந்த பையன்கள்கூடக் கையை நிறுத்திவிட்டார்கள். அந்த நடுக்கம் வயசு கொடுத்தது. முப்பது வயசில் அவரால் அதைச் செய்திருக்க முடியாது.

அப்பேர்ப்பட்ட கையை, கால் மணி நேரத்தில் கொண்டைஊசி வளைவில் நிறுத்திப் பத்துப் பேரை அடிக்க வைத்துவிட்டார்கள். பிளாஷ்பேக்கில் முகத்துச் சுருக்கத்தைக் கம்ப்யூட்டரில் வழித்தெடுத்திருக்கிறார்கள். எனக்கு வயிறு எரிந்தது.

அதைவிடப் பெரிய தப்பு கதையில். அவர் ஓய்வுபெற்ற போலீஸ் அதிகாரி. தப்பான ஆளைச் சந்தேகப்படுவதே இல்லை, அவர் மேல் யாருக்கும் சந்தேகம் வருவதும் இல்லை. ரசிகர்கள் கோபித்துக்கொள்வார்களோ என்று பயந்து எழுதிய கதை. உங்கள் அப்பா அதற்கெல்லாம் கோபித்துக்கொள்கிறவரா? 1954-ல் ஏவி.எம். தயாரித்து வீணை எஸ். பாலசந்தர் இயக்கிய ‘அந்த நாள்’ படத்தில், இரண்டே வருடம் முன்பு அறிமுகமான சிவாஜி கணேசன் ஆரம்பத்திலேயே சுடப்பட்டுச் சாகிறார். பாட்டு ஒன்றுகூடக் கிடையாது. தம்பி, மனைவி, பக்கத்து வீட்டுக்காரர் என்று ஒவ்வொருவர் வாயிலும் அவர் ஒவ்வொரு ஆளாகத் தெரிகிறார். அவரை நல்லவராகவே காட்ட வேண்டும் என்று யாரும் தவிக்கவில்லை. அந்தத் துணிச்சலில் கால்வாசி இங்கே இருந்திருந்தால் அப்பா அன்றைக்குத் தட்டுவடையைச் சாப்பிட்டிருப்பார்.

கேள்வி: கொலை நடப்பது மே மாதம் என்று சுவர்க் காலண்டரில் காட்டுகிறார்கள். அப்புறம் செருப்பில் ஒட்டிய காபிப் பழத்தோலை வைத்து எஸ்டேட்டைக் கண்டுபிடிக்கிறார்கள். எங்கள் மலையில் மே மாதம் ஏதய்யா பழம்?
– ஏற்காடு வாசகர்

பதில்: நியாயமான கேள்வி. மார்ச், ஏப்ரல் கோடை மழைக்குப் பிறகுதான் உங்கள் அராபிகா வெள்ளையாகப் பூக்கும். மல்லிகை மாதிரி ஒரு வாசனை, வண்டியை நிறுத்தி இறங்கச் சொல்லும். மே மாதத்தில் செடியில் இருப்பது குண்டூசித் தலை அளவு பச்சைப் பிஞ்சு. பழம் பறிப்பதோ நவம்பரிலிருந்து ஜனவரி வரை. பாட்டுக்காட்சியில் இந்தத் தவறு வந்திருந்தால் விட்டுவிடலாம். இங்கே குற்றவாளியைப் பிடிப்பதே அந்தத் தோலை வைத்துத்தான். தோட்டத்தில் பழம் பறிக்கும் ஓர் அம்மாவிடம் கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் சொல்லியிருப்பார்.

கேள்வி: கடைசி வரை கொலைகாரன் யாரென்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. அது படத்தின் வெற்றி இல்லையா அண்ணா?
– அம்மாபேட்டை கல்லூரி மாணவர்

பதில்: தம்பி, அந்த ஆள் முதல்முறை முகம் காட்டுவதே கடைசி இருபது நிமிடத்தில். நீ எப்படிக் கண்டுபிடிப்பாய்?

எங்கள் காலத்தில் 1,000 அடி ரீல் என்றால் 11 நிமிடம் ஓடும். ரீல் முடியப் போகிறது என்றால் திரையின் வலது மேல் மூலையில் ஒரு புள்ளி வந்து போகும். அதைப் பார்த்ததும் இரண்டாவது மெஷினின் மோட்டாரைப் போட வேண்டும். சில விநாடியில் அடுத்த புள்ளி, உடனே மாற்றிவிட வேண்டும். கீழே உட்கார்ந்திருக்கும் எண்ணூறு பேரில் ஒருவர் கண்ணிலும் அது படாது. ஆனால் எல்லார் கண் முன்னாலும்தான் வந்து போகிறது. நல்ல கொலைக் கதையில் தடயம் அப்படித்தான் இருக்கும். தினம் நாலு காட்சி பார்த்தவன் சொல்கிறேன்: ஒழுங்காக எழுதிய படம் இரண்டாம் நாள்தான் ருசிக்கும். “அட, இங்கேயே சொல்லிவிட்டானே” என்று ஜன்னல் கண்ணாடியில் மூக்கை வைத்துக்கொண்டு நின்றிருக்கிறேன். இந்தப் படத்தில் இரண்டாவது தடவை தேடித் தேடிப் பார்த்தேன், ஒரு புள்ளிகூட இல்லை.

கேள்வி: சேலத்தில் நல்ல துப்பறியும் படமே எடுத்ததில்லையா?
– செவ்வாய்ப்பேட்டை வாசகர்

பதில்: என்ன இப்படிக் கேட்டுவிட்டீர்கள்! 1935-ல் டி.ஆர். சுந்தரம் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் இங்கே ஏற்காடு சாலையில்தான் இருந்தது. இப்போது முகப்பு வளைவு மட்டும் நிற்கிறது. 1950-ல் ‘திகம்பர சாமியார்’ படத்தில் எம்.என். நம்பியார் வேஷத்துக்கு மேல் வேஷம் போட்டுத் துப்பறிந்தார். 1966-ல் ஜெய்சங்கர் நடித்த ‘வல்லவன் ஒருவ’னும் அவர்கள் எடுத்ததுதான்.

கேள்வி: அடுத்த படமும் இதே கூட்டணியாமே, போவீர்களா?
– குகை வாசகர்

பதில்: போவேன், முதல் நாளே. அந்த டிபன் பாக்ஸை இவர்கள் கடைசி வரை திறக்கவே இல்லை. மகள் அன்றைக்கு என்ன கட்டிக்கொண்டு போனாள் என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.