ஃபுர்சத்கஞ்ச் மாதிரி சின்ன ஊரில் போய் பைலட் பயிற்சி எடுக்கலாமா?

தாராளமாக எடுக்கலாம். நான் அங்கே படித்தவன்.

உத்தரப் பிரதேசத்தில் ரேபரேலிக்குப் பக்கத்து ஊர் அது. 1985இல் மத்திய அரசு தொடங்கிய இந்திரா காந்தி ராஷ்ட்ரீய உரான் அகாடமி அங்கேதான் இருக்கிறது. கடைத்தெரு சின்னது, சுற்றிலும் வயல். ஆனால் வர்த்தக விமானி உரிமத்துக்கு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள். பெரிய விமான நிலையத்தில் பயிற்சி என்றால், பயணிகள் விமானங்கள் ஏறி இறங்கும்வரை மாணவன் ஓரமாகக் காத்துக் கிடக்கணும். இங்கே ஓடுதளமே மாணவர்களுக்குத்தான். ஒரு மணி நேரத்தில் ஆறேழு தடவை இறங்கி ஏறலாம். தரையிறக்கம் கைக்கு வருவது அப்படித்தான்.

ஒரே கஷ்டம் பனிமூட்டம். டிசம்பர் கடைசி, ஜனவரியில் ஓடுதளத்தின் மறுமுனையே தெரியாது. காலை முழுக்க வானத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அந்த நாட்களில், விமானி உரிமம் தரும் அரசு அமைப்பான டிஜிசிஏ நடத்தும் தேர்வுக்கான வானிலை, நேவிகேஷன் பாடங்களைப் படித்து முடித்துவிடுங்கள்.

அப்புறம், முதல் சோலோ, அதாவது இன்ஸ்ட்ரக்டர் இல்லாமல் தனியாகப் பறப்பது. டைமண்ட் டிஏ40 என்ற சின்னப் பயிற்சி விமானத்தில் மாணவன் இடப்பக்கம், இன்ஸ்ட்ரக்டர் வலப்பக்கம். அன்றைக்கு அவர் இறங்கும்போது தன் சீட் பெல்ட்டைத் தானே பூட்டி, இறுக்கி இழுத்துவிட்டுப் போனார். ஆளில்லாத இருக்கைக்கு எதற்குப் பெல்ட் என்று ஒரு கணம் புரியவில்லை. இந்த விமானத்தில் விமானத்தை இயக்கும் ஸ்டிக் இரண்டு இருக்கைக்கும் முன்னால், கால்களுக்கு நடுவில் நிற்கும். தளர்ந்து கிடக்கும் பெல்ட் அதில் சிக்கினால் விமானம் சொன்னபடி கேட்காது. ஒரு ஆள் எடை குறைந்ததில் விமானம் வழக்கத்தைவிடச் சீக்கிரமாகவே தரையை விட்டது, ஆயிரம் அடி உயரமும் சீக்கிரமே வந்துவிட்டது. ஓடுதளத்தைச் சுற்றி நான்கு திருப்பம், ஒரு தரையிறக்கம், அவ்வளவுதான். இறங்கியதும் நண்பர்கள் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினார்கள். அந்த நாளை நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு நிறைகிறது.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். பணம் கட்டும் முன்பே மருத்துவப் பரிசோதனையை முடித்துவிடுங்கள், வர்த்தக விமானிக்குத் தேவையான கிளாஸ் 1 வரைக்கும். கண்ணிலோ காதிலோ குறை இருப்பது பாதிப் படிப்பில் தெரியவந்து, பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊர் திரும்பிய ஒருவனை ரயிலேற்றிவிட்டு வந்திருக்கிறேன்.