பட்டர்ஃபிளை நீச்சல் இறுதிப் போட்டியில் உலக சாதனையாளரே வெல்வார் என்று எதிர்பார்க்கலாமா?

அப்படி உறுதியாக எதிர்பார்க்க முடியாது. 200 மீட்டரில் சாதனை நேரத்தைவிட, கடைசி 50 மீட்டரை ஒருவர் எப்படி நீந்துகிறார் என்பதையே நான் முதலில் பார்ப்பேன். 2022இல் 1 நிமிடம் 50.34 விநாடி என்ற உலக சாதனையைப் படைத்த ஹங்கேரியின் கிறிஸ்டோஃப் மிலாக், 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 150 மீட்டர் வரை முன்னிலையில் இருந்தும், கடைசித் திருப்பத்தில் சுவரை உதைத்து நீருக்கடியில் நெடுந்தூரம் சென்று எழுந்த பிரான்ஸின் லியோன் மர்ஷாந்த் அவரை எட்டிப்பிடித்து, 1 நிமிடம் 51.21 விநாடியில் தங்கம் வென்றார். நீருக்கடியில் 15 மீட்டர் வரை செல்ல விதி இடம் தருகிறது என்றாலும், களைத்துப்போன நிலையில் அதை முழுமையாகப் பயன்படுத்துவோர் மிகச் சிலரே.

100 மீட்டரில் கணிப்பது இன்னும் கடினம். 2008 பெய்ஜிங்கில், செர்பியாவின் மிலோராட் சாவிச் கைகளை நீட்டியபடி சுவரை நோக்கிச் சறுக்கிச் சென்றபோது, பின்தங்கியிருந்த மைக்கேல் ஃபெல்ப்ஸ் கூடுதலாக ஒரு குறுகிய வீச்சைப் போட்டு 0.01 விநாடி வித்தியாசத்தில் வென்றார்.

தகுதிச் சுற்று நேரங்களைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். முன்னணி வீரர்கள் அங்கே பெரும்பாலும் வேகத்தை அடக்கியே நீந்துவார்கள். அரையிறுதியின் பிற்பாதியில் யாருடைய வேகம் அதிகம் குறையவில்லை, யாருடையது சரிகிறது என்று பாருங்கள்.