பேஸ்மேக்கர் வயரையும் எடுக்கணுமாம்: டெபாசிட்டை உடைக்கலாமா?

கேள்வி: அப்பாவுக்கு பேஸ்மேக்கர் (இதயத்துடிப்பைச் சீராக வைக்கும் கருவி) வைத்து 11 வருடம் ஆகிறது. நடுவில் ஒருமுறை பேட்டரிக்காகப் பெட்டியை மாற்றினோம். இப்போது பெட்டி இருக்கும் இடத்தில் சீழ் வைத்துவிட்டது. வயர்களையும் சேர்த்து எடுக்க வேண்டும் என்கிறார்கள். செலவு பல மடங்கு. வயரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாமா? அல்லது அவருடைய ஓய்வுக்கால டெபாசிட்டை மொத்தமாக உடைத்துவிடவா?

பதில்: தள்ளிப்போடாதீர்கள். வயர் வெறுமனே பழுதாகியிருந்தால், அதை உள்ளேயே விட்டுவிட்டுப் புதியது போடலாமா என்று டாக்டரிடம் பேச இடமுண்டு. கிருமி தொற்றிவிட்டால் பெட்டி, வயர் எல்லாவற்றையும் எடுப்பதே மருத்துவ வழிகாட்டுதல். பாதியில் விட்டால் தொற்று திரும்பத் திரும்ப வரும், ஒவ்வொரு அட்மிஷனுக்கும் தனி பில் வரும்.

செலவு ஏன் கூடுகிறது? பெட்டி தோலுக்கு அடியில் இருக்கிறது, மாற்றுவது எளிது. வயரோ அந்தப் பெட்டியிலிருந்து இதயம் வரை 11 வருடமாக ரத்தக்குழாய்க்குள் கிடக்கிறது. அதைச் சுற்றித் தழும்புத் திசு வளர்ந்து, குழாய்ச் சுவரோடும் இதயத்தோடும் ஒட்டிப்போயிருக்கும். வெடுக்கென்று இழுத்தால் கிழிந்துவிடும். அதனால் வயரின் மேலேயே குழாய் போன்ற ஒரு உறையை நுழைத்து, லேசராலோ சுழலும் முனையாலோ ஒட்டலை அறுத்துக்கொண்டே போவார்கள். அந்த உறை ஒருமுறைதான் பயன்படும். ஏதாவது கிழிந்தால் உடனே நெஞ்சைத் திறக்க அறுவை சிகிச்சைக் குழுவும் தயாராக நிற்க வேண்டும். இந்த இடத்தில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். இதை அடிக்கடி செய்யும் மருத்துவமனை தூரமாக இருந்தாலும் அங்கேயே போங்கள்.

சரி, டெபாசிட். இது ஒரே பில் அல்ல, மூன்று. முதலில் பெட்டியையும் வயரையும் எடுக்கும் செலவு. அடுத்து ஆன்டிபயாடிக், தேவைப்பட்டால் தற்காலிக பேஸ்மேக்கர், ஆஸ்பத்திரி நாட்கள். தொற்று அடங்கிய பிறகுதான் புதிய கருவி, பெரும்பாலும் நெஞ்சின் மறுபக்கத்தில். மூன்றும் ஒரே நாளில் வராது என்பதால் மொத்தத்தையும் இன்றே உடைக்கத் தேவையில்லை. டெபாசிட்டின் பேரில் கடன் கிடைக்குமா, ஒரு பகுதியை மட்டும் எடுக்க முடியுமா என்று முதலில் கேளுங்கள்.

காப்பீடு இருந்தால் அட்மிஷனுக்கு முன்பே எழுத்தில் பதில் வாங்குங்கள்: எடுப்பதும் திரும்ப வைப்பதும் ஒரே கிளெய்மா, இரண்டா? அந்த உறைக்குப் பணம் தருவார்களா? கருவிக்கு உச்சவரம்பு உண்டா? வாய்வார்த்தையை நம்பி உட்கார்ந்தவர்கள் டிஸ்சார்ஜ் அன்று அலைவதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று. புதியது வைப்பதற்கு முன், அப்பாவுக்கு இப்போதும் பேஸ்மேக்கர் தேவைதானா என்று டாக்டரிடம் கேளுங்கள். மறுபடி சோதித்துப் பார்த்து, வேண்டாம் என்று சொல்லப்படுகிறவர்களும் உண்டு. அப்படியானால் மூன்றாவது பில்லே வராது.