ஜீப்பை விற்கவா, வைத்துக்கொள்ளவா? – வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்கள் பெரும்பாலும் பழைய ஜீப்பைப் பற்றித்தான். கம்பம், போடிப் பக்கமிருந்தும், மலைக்கு மேலே குமுளி, நெடுங்கண்டத்திலிருந்தும் எழுதியிருக்கிறீர்கள். நானும் இதே பள்ளத்தாக்கில் ஜீப்பில் வளர்ந்தவன் என்பதால் பதில்கள் கொஞ்சம் நீளும்.

கேள்வி: எங்களிடம் 1996-ஆம் வருட மகிந்திரா ஜீப் இருக்கிறது, ஃபோர் வீல் (நாலு சக்கரமும் இழுக்கிற வசதி) உள்ளது. அப்பா ஏலத்தோட்டத்துக்குப் போய்வர வாங்கியது. அவர் இறந்த பிறகு தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டோம். இப்போது வருஷத்துக்கு இரண்டு மூன்று முறை குடும்பத்தோடு ராமக்கல்மேடு, மூணாறு போக மட்டும் எடுக்கிறோம். தம்பி விற்றுவிட்டு ஏசி கார் வாங்கலாம் என்கிறான். அம்மா அந்தப் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுகிறார். என்ன செய்யலாம்? – கோம்பை வாசகர்

பதில்: விற்காதீர்கள். ஆனால் அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. வண்டியைப் பட்டறையில் தூக்கி நிறுத்தி, அடியில் சேஸிஸ் எப்படி இருக்கிறது என்று நீங்களே குனிந்து பாருங்கள். ஜீப்புக்கு ஏணி மாதிரி தனிச் சேஸிஸ், அதன் மேல்தான் பாடி உட்கார்ந்திருக்கிறது. பாடி துருப்பிடித்தால் தகரம் வெட்டி ஒட்டிவிடலாம், நம் ஊரில் அதற்குக் கை தேர்ந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சேஸிஸில் பட்டை (லீஃப் ஸ்பிரிங்) மாட்டுகிற இடங்களிலும் குறுக்குச் சட்டங்களிலும் துரு தின்றிருந்தால்தான் சங்கடம். சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள், நல்ல இரும்பு கணீரென்று பேசும், துருப்பிடித்த இடம் மொத்தென்று சொல்லும். அப்புறம் புகை. காலையில் முதல் ஸ்டார்ட்டில் கொஞ்சம் வெள்ளையாக வந்து நின்றுவிட்டால் பயமில்லை. கறுப்பாக வந்தால் ஏர் ஃபில்டரையும் டீசல் பம்பையும் பார்க்கச் சொல்லுங்கள். சூடான பிறகும் நீலமாக வந்துகொண்டே இருந்தால் இன்ஜின் ஆயில் எரிகிறது, அது செலவு வைக்கும். இந்த இரண்டும் சரியாக இருந்தால் தம்பியிடம் தைரியமாகப் பேசலாம்.

எங்கள் வீட்டு ஜீப் 1994-ஆம் வருட எம்எம் 540. பியூஜோ டிசைன் டீசல் இன்ஜின், 2.1 லிட்டர். சாவியைத் திருப்பி ஹீட்டர் போட்டு, ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிவிட்டுத்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும், எண்ணுகிற வேலை வீட்டில் எப்போதும் கடைக்குட்டிக்கு. கம்பத்திலிருந்து விடியற்காலை கிளம்பி, லோயர் கேம்ப் தாண்டிக் குமுளி ஏறி, புற்றடி, நெடுங்கண்டம், உடும்பஞ்சோலை, சாந்தாம்பாறை, பூப்பாறை வழியாக மூணாறு போய், திரும்பும்போது போடிமெட்டு இறங்கி வீடு சேருவோம். ஏசி கிடையாது, படுதாவை இரண்டு பக்கமும் சுருட்டிக் கட்டிவிட்டால் ஏலக்காய் ஸ்டோரில் காய் உலர்த்துகிற வாசம் வண்டிக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். எந்த ஊர் தாண்டுகிறோம் என்று கண்ணை மூடிக்கொண்டே அப்பத்தா சொல்வார். ராமக்கல்மேட்டில் காற்று ஆளைத் தள்ளும், அங்கே நின்று கீழே பார்த்தால் நம் ஊர்கள் வரப்பு வரப்பாகத் தெரியும், எங்கள் வீடு எது என்று பிள்ளைகள் அடித்துக்கொள்வார்கள்.

ஒரு ஆடி மாதம் சாந்தாம்பாறைக்கு அந்தப் பக்கம் சொந்தக்காரர் தோட்டத்துக்குப் போனபோது நல்ல மழை. மேடு ஏறும் மண் பாதை சேறாகி, முன்னால் போன இரண்டு கார்கள் சறுக்கி ஓரத்தில் நின்றுவிட்டன. அப்பா இறங்கி, முன்சக்கரத்துக்கும் இழுவை போக, அவற்றின் நடுவில் இருக்கும் ஹப் இரண்டையும் கையால் லாக் செய்தார், ஏறி உட்கார்ந்து ஃபோர் வீல் போட்டு, லோவுக்குத் தள்ளி, முதல் கியரில் ஆக்ஸிலேட்டரை அழுத்தாமல் விட்டார். லோவில் சக்கரத்துக்குப் போகும் இழுவை இரண்டரை மடங்குக்குப் பக்கம் கூடும், வேகம் அதே அளவுக்குக் குறையும். வண்டி எருமை மாதிரி நிதானமாக ஏறியது. மேலே போய் எங்களை இறக்கிவிட்டு, திரும்பி வந்து இரண்டு கார்களையும் கயிறு கட்டி இழுத்துவிட்டார். ஒரு காரில் பச்சைக் குழந்தை இருந்தது. அந்த அம்மா எங்கள் அப்பாவுக்கு நன்றி சொல்லிவிட்டு ஜீப்பின் போனட்டையும் ஒருமுறை தொட்டுக் கும்பிட்டார். எனக்கு அப்போது பதினோரு வயது, இன்றைக்கும் அந்தக் காட்சி அப்படியே இருக்கிறது.

இதெல்லாம் வண்டி தானாகச் செய்ததல்ல. ஒவ்வொரு பயணத்துக்கும் முந்தின நாள் சாயங்காலம் அப்பா பாய் விரித்து அடியில் படுத்துவிடுவார். கிரீஸ் நிப்பிள் ஒவ்வொன்றுக்கும் கிரீஸ், ஃபேன் பெல்ட்டை விரலால் அழுத்திப் பார்ப்பது, ரேடியேட்டர் ஹோஸில் விரிசல், ஸ்டெப்னியில் காற்று. டூல் பெட்டியில் எப்போதும் ஒரு பெல்ட், ஒரு ஹோஸ், கொஞ்சம் கட்டுக்கம்பி. நடுவழியில் நிற்காத வண்டி என்று ஊரே எங்கள் ஜீப்பைச் சொல்லும், அந்தப் பேர் அந்தப் பாயில் சம்பாதித்தது. உங்கள் வீட்டில் அந்தப் பாயை இனி யார் விரிப்பது? இதைத் தம்பியிடமும் அம்மாவிடமும் உட்கார்ந்து பேசுங்கள். ஒருவர் பொறுப்பெடுத்தால் ஜீப் இன்னும் பல வருஷம் ஓடும். யாரும் எடுக்காமல் மாட்டுக் கொட்டகை ஓரம் நிறுத்தி வைப்பது என்றால், தோட்டத்துக்கு ஓட்டுகிற ஒருவருக்குக் கொடுத்துவிடுவது அதற்குச் செய்கிற மரியாதை. தம்பி கார் வாங்கட்டும், தேனி, மதுரை போக அது நல்லதுதான், இரண்டுக்கும் வேலை வேறு.

கேள்வி: என் கணவர் லோயர் கேம்பிலிருந்து குமுளி வரை நல்ல தார் ரோட்டிலும் ஃபோர் வீல் போட்டுத்தான் ஏறுவார், "மலைதானே" என்பார். சரியா? – கூடலூர் வாசகி

பதில்: வேண்டாம் என்று சொல்லுங்கள் அம்மா. வளைவில் திரும்பும்போது முன்சக்கரம் பின்சக்கரத்தைவிட அதிக தூரம் உருள வேண்டும். பழைய ஜீப்பில் ஃபோர் வீல் போட்டால் முன்னும் பின்னும் ஒன்றாகப் பூட்டிக்கொள்கிறது, அந்த வித்தியாசத்தை விட்டுக்கொடுக்க நடுவில் எதுவும் இல்லை. சேறு, மணல், சரளையில் டயர் கொஞ்சம் வழுக்கிச் சரிசெய்துகொள்ளும். காய்ந்த தாரில் வழுக்க இடமில்லை, அதனால் ஸ்டியரிங் கனக்கும், டயர் தேயும், கியர் பல்லும் ஆக்சிலும் முறுக்கிக்கொள்ளும். சில சமயம் லீவர் வெளியே வராமல் இறுகி நிற்கும், அப்போது பலமாக இழுக்காமல் வண்டியைக் கொஞ்சம் பின்னால் எடுத்தால் தளர்ந்து வந்துவிடும். மலை ஏற்றம் வேறு, வழுக்கல் வேறு. ஏற்றத்துக்குச் சின்னக் கியர் போதும்.

கேள்வி: போடிமெட்டு இறங்கும்போது பாதியிலேயே பிரேக் கருகிய வாசம் வருகிறது. பிரேக் ஷூ மாற்றியாச்சு. – பூப்பாறை வாசகர்

பதில்: ஷூவில் தவறில்லை, இறங்குகிற விதத்தில்தான் இருக்கிறது. அங்கே 17 கொண்டை ஊசி வளைவு, அத்தனையையும் பிரேக்கிலேயே இறங்கினால் ஷூ உரசுகிற ட்ரம் பழுக்கத்தான் செய்யும், பழுத்த ட்ரம்மில் பெடல் மிதித்தாலும் பிடிக்காது. ஏறும்போது போட்ட கியரிலேயே இறங்குங்கள், இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும், பிரேக்கை வளைவுக்கு முன்னால் மட்டும் அழுத்தி விட்டுவிடுங்கள். வாசம் வந்தால் அகலமான இடத்தில் ஓரங்கட்டி ஆற விடுங்கள், ட்ரம்மில் தண்ணீர் ஊற்றாதீர்கள். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் இன்ஜினை அணைத்து இறக்குகிறவர்களை இந்த ரோட்டில் பார்த்திருக்கிறேன், அது உயிரோடு விளையாடுவது. பிரேக் மிதிப்புக்குப் பலம் கூட்டுகிற பூஸ்டர் உள்ள வண்டியில் இன்ஜின் நின்றால் பிரேக்கின் பலமும் போய்விடும். ஓடையில் இறங்கி ஏறினால் ட்ரம் நனைந்திருக்கும், ஏறியதும் மெதுவாக ஓட்டிக்கொண்டே நாலைந்து முறை லேசாக பிரேக் மிதித்து உலர்த்துங்கள். அப்புறம், மேலே ஏறி வருகிற வண்டிக்குத்தான் முதலில் வழி, சட்டமும் அதுதான்.

கேள்வி: சித்தப்பாவின் ஜீப், கேரளா நம்பர், 22 வருஷம் ஆகிறது. எனக்குக் கொடுத்துவிட்டார். கம்பத்தில் வைத்து ஓட்டலாமா? டீசல் வண்டி 10 வருஷத்துக்கு மேல் கூடாது என்கிறார்களே? – கம்பம் வாசகர்

பதில்: 10 வருஷக் கணக்கு டெல்லியைச் சுற்றிய பகுதிக்கு வந்தது, நமக்கல்ல. சொந்த வண்டிக்கு முதல் பதிவு 15 வருஷம், அதற்குப் பிறகு ஐந்தைந்து வருஷமாகப் படிவம் 25 கொடுத்து, வண்டியைக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். இதற்கான கட்டணம் காருக்கும் ஜீப்புக்கும் முன்பு 600 ரூபாய், 2022 ஏப்ரலிலிருந்து 5,000, 20 வருஷம் தாண்டிய வண்டிக்கு 2025 ஆகஸ்ட்டில் 10,000 ஆக்கிவிட்டார்கள். பசுமை வரி தனி. ஒரு மாநில நம்பர் வண்டியை இன்னொரு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் இங்கே நம்பர் மாற்ற வேண்டும், அதற்குக் கேரளாவில் படிவம் 28 கொடுத்துத் தடையில்லாச் சான்று வாங்கிக்கொள்ளுங்கள். சித்தப்பா நேரில் வரமுடிகிற காலத்திலேயே பெயர் மாற்றத்தையும் முடித்துவிடுங்கள். இன்னொன்று, பெரிய டயர், உயர்த்திய பாடி என்று எதையும் மாட்டிக்கொண்டு குமுளி தாண்டாதீர்கள். கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதே கேரளாவிலிருந்து போன வழக்கில்தான்.

கேள்வி: பின்னால் பக்கவாட்டு சீட்டில் பிள்ளைகளை உட்கார வைக்கலாமா? – சின்னமனூர் வாசகி

பதில்: மலை ரோட்டில் வேண்டாம். முன்னோக்கிய சீட்டில், பெல்ட் போட்டு உட்காரட்டும், பெல்ட் இல்லையென்றால் போகும் முன் மாட்டிவிடுங்கள். பின்பக்கம் சாமான்களுக்கு.

கேள்வி: கொழுக்குமலைக்கு எங்கள் ஜீப்பிலேயே போகலாமா? – உத்தமபாளையம் வாசகர்

பதில்: கொழுக்குமலை தேனி மாவட்டத்தில் இருந்தாலும் வண்டிப் பாதை கேரளாவின் சூரியநெல்லி வழியாகத்தான். கிட்டத்தட்ட 8,000 அடி உயரத்துக்குப் பாறை மேல் ஏறுகிற வழி. உங்கள் ஜீப்பை சூரியநெல்லியில் நிறுத்திவிட்டு அங்குள்ள ஓட்டுநர்களின் ஜீப்பில் ஏறிக்கொள்ளுங்கள். எந்தக் கல்லில் எந்தச் சக்கரம் வைக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும், முன் சீட்டில் உட்கார்ந்து அவர்கள் கையையும் காலையும் பார்த்துக்கொண்டே வாருங்கள், நிறையக் கற்றுக்கொள்ளலாம்.

கேள்வி: அப்பாவுக்குக் கண் பார்வை குறைகிறது. எங்கள் ஜீப்பை இனி நான் ஓட்ட ஆசை. கார் ஓட்டத் தெரியும், லைசென்ஸ் இருக்கிறது. "பொம்பளைப் பிள்ளைக்கு அந்த ஸ்டியரிங் திரும்பாது" என்கிறார்கள். – போடி வாசகி

பதில்: திரும்பும் அம்மா. பவர் ஸ்டியரிங் இல்லாத வண்டியை நின்ற இடத்தில் திருப்பினால் யாருக்கும் கனக்கும், சக்கரம் ஒரு சுற்று உருளும்போது திருப்பினால் இலகுவாக வரும். டயரில் காற்று சரியாக இருக்கட்டும். முதலில் காலி மைதானத்தில் ஒரு வாரம், பிறகு மேட்டில் நிறுத்தி ஹேண்ட் பிரேக்கில் பிடித்து எடுக்கிற பழக்கம், பின்னால் உருளாமல் பத்து முறை தொடர்ந்து எடுக்கிற வரை மலைக்குப் போக வேண்டாம். மலையடிவாரத்து முந்தல் வரை சமவெளியில் ஓட்டிப் பாருங்கள், அடுத்து ஒரு வார நாள் காலையில், கூட்டமில்லாத நேரமாகப் பார்த்து, போடிமெட்டு வரை ஏறி இறங்குங்கள். அப்பாவைப் பக்கத்து சீட்டில் உட்கார வையுங்கள். கண் குறைந்தாலும் அவருக்குக் காது இருக்கிறது, கியர் எப்போது மாற்ற வேண்டும் என்று இன்ஜின் சத்தத்திலேயே சொல்லிவிடுவார். போய்வந்ததும் எனக்கு ஒரு கடிதம் போடுங்கள்.